நெட்டி முறியும் ஓசையும் மெடிக்கல் கார்டும்

விளக்கு வைக்கும் நேரத்தில் லயத்து அஞ்சடியில் உட்கார்ந்திருக்கும் பாட்டி, பேரப்பிள்ளையின் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்தெடுப்பார். விரல்களை மடக்கித் தன் நெற்றிப் பொட்டில் வைத்து அழுத்துவார். படபடவென்று நெட்டி முறியும். "எவ்வளவு கண்ணு பட்டிருக்கு பாரு" என்பார். எத்தனை நெட்டி முறிந்ததோ அவ்வளவு திருஷ்டி. உடம்பிலிருந்து வரும் ஓசைக்கு ஒரு பொருள் உண்டு என்பதைத் தாப்பாவைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்த எங்கள் தலைமுறை அந்த அஞ்சடியில்தான் கற்றுக்கொண்டது.

பல ஆண்டுகள் கழித்து அதே ஓசையை ஈப்போவில் ஒரு கைரோபிராக்டரின் அறையில் கேட்டேன். பெரியப்பா மகனை அங்கே அழைத்துப் போயிருந்தேன். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் 59ஆம் எண் சாலையில் பல வருஷம் லாரி ஓட்டியவர். அந்தச் சாலையின் வளைவுகளைத் தெரிந்தவர்களுக்கு ஓட்டுநரின் இடுப்பு படும் பாட்டைச் சொல்லத் தேவையில்லை. அண்ணனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஒரு காலை மடக்கி, தோளை ஒரு பக்கமும் இடுப்பை மறுபக்கமும் திருப்பி ஒரே வெட்டாக அழுத்தினார் அந்தக் கைரோபிராக்டர். படக்கென்று சத்தம் கேட்டது. "எலும்பு அதன் இடத்துக்கு வந்துவிட்டது" என்றார். அண்ணன் எழுந்து இரண்டு அடி நடந்து, "லேசா இருக்குடா" என்றார்.

வெளியே கவுண்டரில் மெடிக்கல் கார்டை நீட்டினோம். அங்கிருந்த பெண் அதை வாங்கவில்லை. "கார்டு எடுக்க மாட்டோங்க ஐயா. காசு கட்டிட்டு ரசீது வாங்கிக்குங்க. இன்சூரன்ஸ்ல குடுப்பாங்களான்னு நீங்கதான் கேட்டுப் பார்க்கணும்" என்றாள்.

வீடு திரும்பும் 60 கிலோமீட்டரும் இரண்டு கேள்விகள் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தன. நகர்ந்தது உண்மையிலேயே எலும்புதானா? வலி குறைந்தது உண்மையென்றால், கார்டு ஏன் ஏற்கப்படவில்லை?

முதல் கேள்விக்கு விடை தேடி மனிதர்கள் எண்பது ஆண்டாக விரலை இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். எலும்பும் எலும்பும் சேரும் மூட்டு ஒரு சிறிய உறை. அதற்குள் முட்டையின் வெள்ளைக்கரு போல வழவழப்பான நீர் இருக்கிறது. அந்த நீரில் வாயு கரைந்திருக்கிறது. மூட்டின் இரண்டு பரப்புகளும் சட்டென்று விலகினால் உள்ளே அழுத்தம் விழும். மூடியைத் திறந்ததும் சோடா பொங்குவதுபோல, கரைந்திருந்த வாயு ஒரு குமிழாகத் திரளும். குமிழ் பிறப்பதால் ஓசை வருகிறது என்றார்கள் 1947இல் லண்டனில் ஆய்ந்தவர்கள். உடைவதால் வருகிறது என்றார்கள் 1971இல் வேறு சிலர். 2015இல் கனடாவின் அல்பெர்ட்டா பல்கலைக்கழகக் குழு ஒருவரின் விரலில் குழாய் ஒன்றை மாட்டி, எம்ஆர்ஐ கருவிக்குள் வைத்து மெதுவாக இழுத்தது. விநாடியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் மூட்டின் பரப்புகள் விலகின. விலகிய இடத்தில் கரும்புள்ளியாக ஒரு வெற்றிடம் தோன்றியது. ஓசைக்குப் பிறகும் அது அங்கேயே இருந்தது. அந்தச் சண்டை இன்னும் முழுக்க ஓயவில்லை. என்றாலும் ஒன்று தெளிவு. ஓசைக்குக் காரணம் வாயுதான், எலும்பு இடம் மாறுவதில்லை. அந்த வாயு மறுபடி கரைய இருபது நிமிடமளவு ஆகும். ஒரே விரலில் உடனே இரண்டாம் நெட்டி எடுக்க முடியாததற்குக் காரணம் அதுதான்.

நெட்டி எடுத்தால் மூட்டு தேய்ந்துவிடும் என்று அம்மாக்கள் அதட்டுவார்கள். அமெரிக்க மருத்துவர் டொனால்ட் அங்கர் அதையும் தன் உடம்பிலேயே சோதித்தார். ஐம்பது ஆண்டுகள் இடக்கையில் மட்டும் தினமும் இரண்டு முறையாவது நெட்டி எடுத்தார், வலக்கையைத் தொடவில்லை. 1998இல் இரண்டு கைகளையும் ஒப்பிட்டு எழுதினார்: எதிலும் மூட்டுவாதம் இல்லை. ஒருவரின் கையை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனாலும் அந்தப் பொறுமையை நான் மதிக்கிறேன்.

முதுகில் கேட்கும் ஓசையும் இதே வகைதான். ஒவ்வொரு முள்ளெலும்பின் பின்பக்கத்திலும் விரல் மூட்டைப் போன்ற சிறு மூட்டுகள் இருக்கின்றன. அவற்றில்தான் குமிழ் எழுகிறது. கனடாவில் 2004இல் கைரோபிராக்டர்கள் முதுகை அழுத்தும்போது ஓசை எந்த இடத்திலிருந்து வருகிறது என்று கருவி வைத்து அளந்தார்கள். இடுப்புப் பகுதியில், குறிவைத்த மூட்டிலிருந்து சராசரியாக 5 சென்டிமீட்டர் தள்ளித்தான் ஓசை பிறந்தது. அதாவது ஒரு முள்ளெலும்பாவது தள்ளி. ஏறக்குறைய பாதி முறைதான் குறி சரியாக விழுந்தது. 'இந்த எலும்பை இந்த இடத்துக்குக் கொண்டுவந்தேன்' என்ற பேச்சை ஏன் அப்படியே ஏற்க முடியாது என்பது இதிலிருந்தே விளங்கும்.

அந்தப் பேச்சுக்கு ஒரு பிறந்த நாள் இருக்கிறது. 1895 செப்டம்பர் 18, அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் நகரம். மளிகைக்கடை நடத்தியவரும் பின்பு காந்த வைத்தியம் செய்தவருமான டேனியல் டேவிட் பால்மர், தன் அலுவலகம் இருந்த கட்டடத்தில் துப்புரவு வேலை செய்த ஹார்வி லில்லார்டைச் சந்தித்தார். லில்லார்டுக்குப் பதினேழு ஆண்டாகக் காது கேட்கவில்லை. குனிந்து வேலை செய்தபோது முதுகில் ஏதோ பிசகியது போல இருந்தது, அதிலிருந்துதான் இப்படி என்று சொன்னார் அவர். பால்மர் அவர் முதுகில் புடைத்திருந்த ஓர் எலும்பைக் கையால் அழுத்தினார். காது கேட்கத் தொடங்கியது என்று பால்மர் எழுதினார். அதிலிருந்து ஒரு கோட்பாட்டையே கட்டினார். முள்ளெலும்பு பிசகினால் நரம்பு நசுங்கும், நசுங்கிய நரம்பால் உடம்பின் உயிராற்றல் தடைப்படும், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நோய்கள் இதனால்தான் வருகின்றன என்றார். 1897இல் பள்ளி தொடங்கினார். கையால் செய்வது என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களைச் சேர்த்துக் கைரோபிராக்டிக் என்று பெயர் வைத்தார்கள்.

உடற்கூறு தெரிந்தவர்களுக்கு இதிலுள்ள இடைஞ்சல் உடனே தெரியும். கேட்கும் நரம்பு முதுகு வழியாகப் போவதே இல்லை. உட்காதிலிருந்து மண்டையோட்டுக்குள்ளேயே நேராக மூளைக்குப் போகிறது. லில்லார்டுக்கு அன்று என்ன நடந்தது என்பதைப் பால்மரின் கோட்பாட்டால் விளக்க முடியாது. முள்ளெலும்பின் அந்தப் 'பிசகு' நோய்களுக்குக் காரணம் என்பதற்கு மருத்துவச் சான்று இல்லை என்று பிரிட்டனில் கைரோபிராக்டர்களைப் பதிவு செய்யும் பொதுக் கைரோபிராக்டிக் மன்றமே 2010இல் அறிவித்தது. தொழிலை ஒழுங்குபடுத்தும் மன்றமே தொழிலின் மூலக் கோட்பாட்டை வரலாற்றுக்கு அனுப்பியது. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

அப்படியானால் அண்ணனுக்கு முதுகு லேசானது பொய்யா? இல்லை.

முதுகு படும் பாட்டைக் கொஞ்சம் பார்ப்போம். குனிந்து ஒரு பொருளைத் தூக்கும்போது முதுகுத்தண்டு ஒரு நெம்புகோல். சுமை முன்னால் தூரத்தில் இருக்கிறது; அதை இழுத்துப் பிடிக்கும் தசை, தண்டுக்குப் பின்னால் ஐந்து சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கிறது. இருபது கிலோ செம்பனைக் குலை தண்டிலிருந்து நாற்பது சென்டிமீட்டர் முன்னால் தொங்கினால், தூரம் எட்டு மடங்கு. ஆகவே தசை 160 கிலோவுக்கு இழுக்க வேண்டும். குனிந்த மேலுடம்பின் எடை இந்தக் கணக்கில் சேரவில்லை. சுவீடனின் ஆல்ஃப் நாகெம்சன் 1960களில் உயிருள்ளவர்களின் முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க்கிலேயே ஊசியைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தார். 1999இல் ஜெர்மனியில் ஒரு தன்னார்வலரின் டிஸ்க்கில் அளவி ஒன்றைப் பொருத்திப் பார்த்தார்கள். படுத்திருக்கும்போது 0.1 மெகாபாஸ்கல், நிற்கும்போது 0.5. முதுகை வளைத்து இருபது கிலோவைத் தூக்கியபோது 2.3. கார் டயருக்குள் இருக்கும் காற்றழுத்தத்தைப்போல் பத்து மடங்கு. அதே இருபது கிலோவை உடம்போடு அணைத்துப் பிடித்தபோது 1.1ஆகக் குறைந்தது. அளந்தது ஒரே ஒருவரிடம்தான் என்றாலும் நெம்புகோல் கணக்கு எல்லா உடம்புக்கும் பொது.

இந்தக் கணக்கோடு பால் வெட்டை நினைத்துப் பாருங்கள். புதிதாக வெட்டு திறக்கும்போது மரத்தில் கோடு மார்பளவு உயரத்தில் இருக்கும். ஒவ்வொரு வெட்டுக்கும் பட்டையில் ஒரு சீவல் குறையும், கோடு கீழே இறங்கும். ஆண்டுக்கு ஆண்டு வெட்டுகிறவரும் அதோடு சேர்ந்து குனிய வேண்டும். கடைசியில் தரைக்கு ஒரு முழம் மேலே உளி ஓடும். ஒரு நிரைக்கு நூற்றுக்கணக்கான மரங்கள். விடியுமுன் தொடங்கி ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு குனிதல். பிறகு மங்குக் கிண்ணத்தில் சேர்ந்த பாலை எடுக்க இன்னொரு குனிதல். என் அம்மாவின் முதுகு அந்தக் கணக்கில் எழுதப்பட்டது. ஒன்று மட்டும் எங்கள் மக்கள் இயற்பியல் படிக்காமலே சரியாகச் செய்தார்கள். பாலை ஸ்டோருக்குக் கொண்டுபோகக் காண்டாக் கம்பில் முன்னும் பின்னும் வாளி கட்டித் தோளில் வைத்தார்கள். முன்சுமையும் பின்சுமையும் ஒன்றையொன்று சமன் செய்ய, தண்டின் மேல் நெம்புகோல் அழுத்தம் ஏறவில்லை. கையில் தூக்கியிருந்தால் பாதித் தூரம்கூடப் போயிருக்க மாட்டார்கள்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் கைமாறின, லயங்கள் காலியாயின. குனிந்து வெட்டியவர்களின் பிள்ளைகள் லாரியிலும் தொழிற்சாலையிலும் கிடங்கிலும் வேலைக்குப் போனார்கள். முதுகு வலி அவர்களோடு பட்டணத்துக்கு வந்தது. 2020இல் உலகில் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு இடுப்பு வலி இருந்தது என்கிறது ஓர் உலகளாவிய கணக்கீடு. மனிதர்களை முடக்கும் காரணங்களில் முதலிடம் அதற்குத்தான்.

வலி வந்தால் மனிதர் தேடிப் போவது எல்லாப் பண்பாட்டிலும் ஒன்று: தெரிந்தவர் ஒருவரின் கை. சித்த மருத்துவம் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று தொக்கணத்தை ஒன்பதாக வகுத்தது. தோட்டத்தில் சுளுக்கு வழிக்கிறவர் ஒருவர் இருப்பார். கால் முன்னே வந்து பிறந்தவர் காலால் நீவினால் இடுப்புப் பிடிப்பு விடும் என்றும் நம்பினார்கள். மலாய்க்காரர்களுக்கு ஊருட், சீனர்களுக்குத் தியெத் தா. கைரோபிராக்டரின் மேசை அந்த வரிசையில் பட்டணத்துக்கு வந்த புதிய உறவினர். கை பட்டதும் இறுகிய தசை சிறிது நேரம் தளர்கிறது. நரம்புகள் வலியை மூளைக்குச் சொல்லும் வேகம் சிறிது நேரம் தணிகிறது. பயம் குறைகிறது, மனிதர் அசையத் துணிகிறார். அண்ணனின் இரண்டு அடி நடை இதில்தான் இருக்கிறது.

அந்தப் பலன் எவ்வளவு பெரியது? 2017இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்த தொகுப்பு, புதிதாக வந்த இடுப்பு வலி பற்றிய 26 சோதனைகளை அலசியது. முதுகைக் கையால் அழுத்தித் திருப்பும் சிகிச்சை, நூறு புள்ளி அளவுகோலில் அளந்த வலியில் ஏறக்குறைய பத்துப் புள்ளிகளைக் குறைத்தது. நாள்பட்ட வலியைப் பற்றிய 47 சோதனைகளைத் தொகுத்த 2019ஆம் ஆண்டு ஆய்வு, உடற்பயிற்சி முதலான பரிந்துரைக்கப்பட்ட சிகிச்சைகளுக்கு இணையான பலன் இதில் கிடைக்கிறது என்றது. கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் முதல்முறையாக வழிகாட்டி வெளியிட்டது. நோயாளிக்குக் கற்பிப்பது, உடற்பயிற்சி, மனப் பயிற்சி, வீக்கம் குறைக்கும் வலி மாத்திரை ஆகியவற்றோடு இந்தக் கைச்சிகிச்சையையும் பிடித்துவிடுதலையும் பயன்படுத்தலாம் என்கிறது அது. இடுப்புப் பட்டி, எடை கட்டி இழுத்தல், அபின் வகை மாத்திரை ஆகியவற்றை வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது. காது கேளாமை, சர்க்கரை, ஆஸ்துமா என்று எதற்காவது முதுகை முறிக்கச் சொல்பவர் இருந்தால், அவர் 1895லேயே நின்றுவிட்டவர், எழுந்து வந்துவிடுங்கள்.

கழுத்து விஷயத்தில் நான் கண்டிப்பானவன். மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள் கழுத்து முள்ளெலும்புகளின் துளைகள் வழியாகவே ஏறுகின்றன. அவற்றின் உட்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரலாம். கழுத்தைத் திருப்பும் சிகிச்சைக்குப் பின் இது நடந்த அரிதான நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. கிழிசல் முன்பே தொடங்கி, அதன் வலிக்காகவே சிலர் சிகிச்சைக்கு வந்திருக்கலாம் என்பதைக் கனடாவின் ஒன்டாரியோவில் 2008இல் நடந்த பெரிய ஆய்வு காட்டியது. பொது மருத்துவரைப் பார்த்தவர்களிடமும் அதே அளவுத் தொடர்பு தெரிந்தது. ஆகவே பழியை முழுவதும் ஒரு கையின் மேல் போட முடியாது. இருந்தாலும் முடி வெட்டும் கடையில் தலையைப் பிடித்துவிட்டுக் கடைசியில் கழுத்தைச் சடாரென்று ஒரு முறி முறிக்கிறார்களே, அதை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதனால் கிடைப்பது ஒரு குமிழின் ஓசைதான்.

எந்தக் கைக்கும் போகாமல் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டிய முதுகு வலிகளும் உண்டு. தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது, சிறுநீர் வராமல் நிற்பது அல்லது தெரியாமல் போவது, கால் வலுவிழப்பது: இவை தண்டின் அடியிலுள்ள நரம்புக் கொத்து நசுங்குவதன் அடையாளங்கள். மணிக்கணக்கில் தாமதித்தாலும் இழப்பு நிரந்தரமாகலாம். வலியோடு காய்ச்சல், எடை குறைதல், இரவு வியர்வை இருந்தால் முதுகெலும்புக் காசநோயையும் புற்றையும் நினைக்க வேண்டும். எலும்பு மெலிந்த முதியவர்கள் சறுக்கி விழுந்த பின் வரும் வலியில் முறிவு இருக்கலாம். நல்ல கைரோபிராக்டர் இவற்றையெல்லாம் முதலில் கேட்பார். கேட்காமல் மேசையைக் காட்டுகிறவரிடம் படுக்க வேண்டாம்.

இனி அந்தக் கவுண்டருக்கு வருவோம்.

அண்ணனின் காப்புறுதிப் பத்திரத்தை வீட்டில் விரித்துப் பார்த்தேன். விலக்குகள் என்ற பகுதியில், மாற்றுச் சிகிச்சைகள் என்ற ஒரே வரியில் கைரோபிராக்டிக், அக்குபங்சர், எலும்பு கட்டுதல், மூலிகை வைத்தியம், பிடித்துவிடுதல், நறுமண எண்ணெய்ச் சிகிச்சை எல்லாம் அடுக்கியிருந்தன. மலேசியாவில் விற்கப்படும் மருத்துவக் காப்புறுதிகள் பெரும்பாலானவற்றில் இந்த வரி ஏறக்குறைய இதே சொற்களோடு இருக்கும். மருத்துவ அட்டை என்பது அடிப்படையில் மருத்துவமனைப் படுக்கைக்கும் அறுவைக்கும் ஆன ஒப்பந்தம். அந்த அட்டை செல்லும் பேனல் மருத்துவமனை என்றால், காப்புறுதி நிறுவனத்தோடு கட்டணம் பேசிக் கையெழுத்திட்ட மருத்துவமனை. பில் நேராக அவர்களுக்குப் போகும். விலக்கில் பெயர் இருக்கும் சிகிச்சைக்கு அந்தப் பேச்சே எழாது. சில வழிகள் திறந்திருக்கின்றன. தனிநபர் விபத்துக் காப்புறுதிகள் சிலவற்றில், விபத்தில் பட்ட காயத்துக்குப் பாரம்பரியச் சிகிச்சையாளரிடம் போன செலவை ஒரு சிறு தொகைவரை திருப்பித் தருவார்கள். சில வேலையிடங்களின் ஊழியர் நலத்திட்டத்திலும் இதற்கென்று ஓர் அளவு இருக்கும். ரசீதில் சிகிச்சையாளரின் பதிவு எண்ணும் நோயின் பெயரும் தேதியும் இருந்தால்தான் கேட்கவே முடியும். வெறும் 'சிகிச்சை' என்று எழுதிய ரசீது உதவாது.

அமெரிக்காவில் நிலைமை தலைகீழ். முதியவர்களுக்கான அரசுக் காப்புறுதியான மெடிகேர், 1972ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழி கைரோபிராக்டரின் கைச்சிகிச்சைக்குப் பணம் தர ஒப்புக்கொண்டது. இவர்களோடு சேர்ந்து வேலை செய்வதே ஒழுக்கக்கேடு என்று அந்நாட்டு மருத்துவச் சங்கம் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. 1987இல்தான் நீதிமன்றம் அந்தப் புறக்கணிப்பைச் சட்டவிரோதம் என்றது. மெடிகேர் சட்டத்தில் எழுதிய நிபந்தனை என்ன தெரியுமா? முள்ளெலும்பின் பிசகு எக்ஸ்ரேயில் தெரிய வேண்டும். பால்மரின் பிசகு அப்படியே சட்டப் புத்தகத்தில் ஏறியது. ஏறக்குறைய கால் நூற்றாண்டு, பணம் பெறுவதற்காகவே முதியவர்களின் முதுகுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். 2000ஆம் ஆண்டு ஜனவரியில்தான் அந்த நிபந்தனை நீங்கியது. இன்றும் மெடிகேர் தருவது முதுகெலும்பில் செய்யும் கைச்சிகிச்சைக்கு மட்டும்.

ஒரு நாடு இல்லாத பிசகுக்குப் படம் கேட்டுப் பணம் தந்தது. இன்னொரு நாட்டில் நறுமண எண்ணெயையும் உலகச் சுகாதார நிறுவனம் ஏற்ற சிகிச்சையையும் ஒரே வரியில் தள்ளி வைக்கிறார்கள். காப்புறுதிப் பட்டியலில் இருப்பதால் ஒரு சிகிச்சை மெய்யாவதில்லை, இல்லாததால் பொய்யாவதும் இல்லை. அந்தப் பட்டியலை எழுதுவது செலவுக் கணக்கு.

என்னை உறுத்துவது வேறொன்று. நம் ஊரில் முதுகு பிடித்தால், "அட்மிட் ஆயிட்டா கார்டு பாத்துக்கும்" என்று சொல்லிக்கொள்கிறார்கள். கார்டு எதற்குப் பணம் தருகிறதோ அதை நோக்கி மனிதர்கள் நகர்வது இயல்பு. கார்டு தருவது படுக்கைக்கு. சாதாரண முதுகு வலிக்கு வேண்டாததும் படுக்கைதான். பின்லாந்தின் ஹெல்சிங்கியில் நகராட்சி ஊழியர்கள் 186 பேரிடம் நடந்த சோதனை 1995இல் வெளியானது. திடீரென்று இடுப்பு பிடித்தவர்களில் ஒரு பிரிவினரை இரண்டு நாள் படுக்கச் சொன்னார்கள். ஒரு பிரிவினருக்கு முதுகுப் பயிற்சி கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவினரிடம், வலி தாங்கும் அளவுக்கு வழக்கமான வேலைகளைச் செய்துகொண்டிருங்கள் என்றார்கள். முதலில் தேறியவர்கள் மூன்றாம் பிரிவினர். மெதுவாகத் தேறியவர்கள் படுத்திருந்தவர்கள்.

படுக்கையோடு ஸ்கேனும் வரும். முப்பத்து மூன்று ஆய்வுகளைத் தொகுத்து, வலியே இல்லாத 3,110 பேரின் முதுகுப் படங்களை 2015இல் அலசினார்கள். இருபது வயதுக்காரர்களிலேயே 37 விழுக்காட்டினருக்கு டிஸ்க் தேய்வு. ஐம்பது வயதில் 80 விழுக்காடு, எண்பதில் 96. ஐம்பது வயதுக்காரர்களில் பத்தில் ஆறு பேருக்கு டிஸ்க் பிதுங்கல். நரை எப்படியோ இதுவும் அப்படி. 'டிஸ்க் பிதுங்கியிருக்கிறது' என்ற வரியைப் படித்துவிட்டு வாழ்நாளெல்லாம் குனியப் பயந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களை முடக்கியது அந்த வரியைப் பற்றிய பயம்.

அண்ணனிடம் நான் சொன்னது இதுதான்: கையில் காசு இருந்தால், இரண்டு மூன்று முறை அந்த மேசைக்குப் போங்கள், லேசான நாட்களில் நடந்து பழகுங்கள். முதல் நாளே இருபது முறைக்கான பேக்கேஜ் பணத்தைக் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள். நான்கைந்து முறையில் மாற்றம் தெரியாவிட்டால் இருபதாவது முறையிலும் தெரியப் போவதில்லை என்பது என் எண்ணம். அரசு மருத்துவமனையில் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் ஒரு வெள்ளி, நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி. அங்கிருந்து பிசியோதெரபிக்கு எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம். கற்றுத் தரும் பயிற்சியை வீட்டில் செய்தால், மேசையில் கிடைக்கும் பலனுக்கு அது குறைந்ததல்ல என்பதுதான் மேலே சொன்ன ஆய்வுகளின் சாரம்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2016இல் மலேசியா அடுத்தடுத்து இரண்டு சட்டங்களை இயற்றியது. பிசியோதெரபிஸ்ட் போன்றோருக்கு 774ஆம் சட்டம், பாரம்பரிய, துணை மருத்துவர்களுக்கு 775ஆம் சட்டம். இரண்டாவதில் மலாய், சீன, இந்தியப் பாரம்பரிய மருத்துவங்கள், ஹோமியோபதி, ஆஸ்டியோபதி, இஸ்லாமிய மருத்துவம் ஆகியவற்றோடு கைரோபிராக்டிக்கும் ஏற்கப்பட்ட ஏழு துறைகளில் ஒன்று. தொழில் செய்பவர் அதற்கான மன்றத்தில் பதிந்திருக்க வேண்டும். நாட்டிலேயே இதைப் பட்டப் படிப்பாக 2010 முதல் அனைத்துலக மருத்துவப் பல்கலைக்கழகம் (இன்றைய ஐஎம்யு பல்கலைக்கழகம்) நடத்துகிறது. ஆகவே 'எங்கே படித்தீர்கள், பதிவு எண் என்ன' என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஒன்றை மறக்க வேண்டாம்: 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி நோய் விடுப்புக்கு வேண்டியது பதிவு பெற்ற மருத்துவரின் விடுப்புச் சான்றிதழான எம்சி. கைரோபிராக்டரின் கடிதம் அதற்கு ஈடாகாது.

தோட்டத்து மக்களும் அவர்கள் பிள்ளைகளும் மறந்துவிடும் காப்புறுதி ஒன்று இருக்கிறது. ஏஜெண்டு வந்து விற்காத காப்புறுதி; அதனால் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சம்பளச் சீட்டில் மாதா மாதம் பிடிபடும் சொக்சோ, அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1971 முதல் நடக்கிறது. வேலைக் காயத் திட்டத்துக்கு முதலாளி மட்டும் 1.25 விழுக்காடு கட்டுகிறார். இயலாமைத் திட்டத்துக்கு முதலாளியும் தொழிலாளியும் அரை அரை விழுக்காடு. வேலையில் முதுகு பிசகினால் சிகிச்சை, எம்சி நாட்களுக்குச் சம்பளத்தின் 80 விழுக்காடு வரை உதவித்தொகை, நிரந்தர ஊனம் என்றால் அதற்கான தொகை, வேலைக்குத் திரும்ப வைக்கும் மறுவாழ்வு எல்லாம் இதில் உண்டு. வேலைக்குத் திரும்பும் திட்டம் 2007இல் தொடங்கியது. மலாக்காவில் மறுவாழ்வு மையம் இருக்கிறது. பேராக்கில் ஈப்போ மேரு ராயாவிலும் ஒன்று கட்டியிருக்கிறார்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்களையும் 2019 ஜனவரியிலிருந்து வேலைக் காயத் திட்டத்தில் சேர்த்தார்கள். இன்று குலை வெட்டும் வங்காளதேசத்து, இந்தோனேசிய முதுகுகளுக்கும் இது உண்டு. தாப்பா நாடாளுமன்ற உறுப்பினர் டத்தோஸ்ரீ எம். சரவணன் மனிதவள அமைச்சராக இருந்த 2022இல் இல்லத்தரசிகளுக்கான சட்டமும் வந்தது. ஆண்டுக்கு 120 ரிங்கிட் கட்டினால் வீட்டு வேலையில் நேரும் விபத்துக்கும் பாதுகாப்பு. வயது 55ஐ எட்டுமுன் பதிய வேண்டும்.

இதில் ஒரு சிக்கல். சட்டம் கேட்பது விபத்து, இல்லையென்றால் வேலையால் வந்தது என்று காட்டக்கூடிய தொழில்நோய். முதுகோ பெரும்பாலும் மெல்ல மெல்லத் தேய்கிறது. முப்பது ஆண்டு குனிந்ததற்கு ஒரு தேதி கிடையாது. தேதி இல்லாத வலிக்கு உதவி பெறுவது கடினம். ஆனால் அந்த முப்பது ஆண்டுகளுக்கு நடுவில் குலை தூக்கும்போது 'வெடுக்'கென்று பிடித்த ஒரு நாள் பலருக்கு இருக்கும். அன்று சூடு ஒத்தடம் கொடுத்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போயிருப்பார்கள். என் அம்மாவும் அப்படித்தான் போனார்.

ஆகவே வேலையில் முதுகு பிடித்தால், அன்றைக்கே மண்டோரிடமோ மேற்பார்வையாளரிடமோ சொல்லுங்கள். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிப்பது முதலாளியின் கடமை. சுளுக்கு வழிப்பவரிடமும் கைரோபிராக்டரிடமும் பிறகு போகலாம். முதலில் கிளினிக்குக்குப் போய், என்ன தூக்கினீர்கள், எத்தனை மணிக்குப் பிடித்தது என்பதை மருத்துவரின் அட்டையில் எழுத வைத்துவிட்டு வாருங்கள்.